ஃபெரோசிமெண்ட் தொட்டி கட்டப் போறீங்களா? என் 62,000 ரூபாய் போச்சு

தொட்டி கட்டின மேஸ்திரிக்கு நேற்று ராத்திரி கடைசியாகப் போன் பண்ணிப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் பிடிக்க 5000 லிட்டர் ஃபெரோசிமெண்ட் தொட்டி, அதாவது கம்பி வலை மேல் சிமெண்ட் கலவை பூசிக் கட்டும் மெல்லிய சுவர்த் தொட்டி. வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப்பில் வந்தவர்கள்தான், 62,000 ரூபாய் பேசினோம். மேஸ்திரி அதே மாதிரி வலை வைத்துப் பூசிய, ஒரு அங்குல கனத்தில் சின்ன சிமெண்ட் பலகை ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்து, “சுத்தியலால போடுங்க சார்” என்றார். நாலு போடு போட்டேன். பள்ளம் விழுந்தது, மயிரிழையாக விரிசல் ஓடியது, ஆனால் துண்டாகவில்லை, உள்ளே இருந்த வலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. “நடுவுல வெல்டு மெஷ் (பற்றவைச்ச கம்பி வலை), ரெண்டு பக்கமும் கோழி வலை, மேற்கொண்டு கலவையில பிளாஸ்டிக் ஃபைபர் வேற” என்றார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தார்கள். நான் அங்கேயே நம்பி விழுந்துவிட்டேன்.

அக்னி நட்சத்திரத்தில் பூசினார்கள். ஈரச் சாக்கு சுற்றி இரண்டு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும், வேலூர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். இவர்கள் மூன்றாம் நாளே பாக்கியையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். லாரித் தண்ணீர் விட்டதும் அடியிலிருந்து ஒரு முழ உயரத்தில் கசிவு. “ஹேர் கிராக் சார், தானா அடைஞ்சிடும்.” அடுத்த வாரம், “வெயிலுக்கு அப்படித்தான்.” ஆப்பில் புகார் கொடுத்தால் ‘தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ். எது தீர்ந்தது, என் 62,000 ரூபாயா?

தெரிந்த கொத்தனாரை விட்டுக் கொத்திப் பார்த்தேன். ஒரே ஒரு கோழி வலை, அதுவும் வெளிப்பூச்சோடு ஒட்டி, துருப்பிடித்து. வெல்டு மெஷ் இல்லவே இல்லை. ஃபைபர் மட்டும் கலவையில் சரியாகக் கலக்காமல் பஞ்சு பஞ்சாகக் கிடந்தது. தண்ணீர் சுவரை வெளியே தள்ளும்போது அந்த இழுவையைத் தாங்க வேண்டியது வலை. அடியில்தான் அழுத்தம் அதிகம், அங்கேதான் பிளந்தது. இந்த பிளாஸ்டிக் ஃபைபர் கலவை காயும்போது வரும் விரிசலைக் குறைக்கும், அவ்வளவுதான், வலைக்குப் பதிலாக நிற்காது. இதை 62,000 கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

சரி, கட்டுகிறவர்கள் பூசுவதற்கு முன்னால் வலை எத்தனை அடுக்கு என்று எண்ணிப் போட்டோ எடுத்து வையுங்கள். பாக்கிப் பணத்தைத் தண்ணீர் ஒரு வாரம் நின்ற பிறகு கொடுங்கள். பலகையைச் சுத்தியலால் அடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள்.

லாரித் தண்ணீர்க் காசை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.