ஃபியூஸ் கட்டையா, எம்.சி.பி.யா?

பழைய வீட்டின் மின்பலகையில் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் விசை) பொருத்திப் புதுப்பிக்க நினைப்போர், ஃபியூஸ் கட்டைகள் இன்னும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று தயங்குவது இயல்பு.

செலவு: ஃபியூஸ் கட்டைக்கு மிகக் குறைவு, எம்.சி.பி.க்கு முதலில் கூடுதல்.

பாதுகாப்பு: இதில்தான் வேறுபாடு பெரிது. ஃபியூஸ் கம்பி, தன் அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம் பாயும்போதுதான் உருகும், எம்.சி.பி.யோ 1.45 மடங்கு ஏறினாலே ஒரு மணி நேரத்துக்குள்ளும், ஷார்ட் சர்க்யூட் ஆனால் கண நேரத்திலும் இணைப்பைத் துண்டித்துவிடும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று, வயரிலிருந்து உரித்த செப்பு இழைகளை இரண்டு மூன்றாக முறுக்கிக் கட்டும் பழக்கம் எனக்குப் பெருங்கவலை தருகிறது. அப்போது கட்டையில் உள்ள கம்பி உருகுவதற்கு முன்பே சுவருக்குள் ஓடும் வயரின் காப்புறை உருகிவிடக்கூடும்.

எளிமை: ஃபியூஸுக்குப் புதுக் கம்பி கட்ட வேண்டும், எம்.சி.பி.யில் பழுதைச் சரிசெய்தபின் விசையை மேலே தள்ளினால் போதும்.

விரைவில் முழு வயரிங்கையும் மாற்றவிருக்கும் வீட்டில், விளக்கு, மின்விசிறிக்கு மட்டும், சரியான அளவுக் கம்பியுடன் ஃபியூஸ் சிறிது காலம் இருக்கலாம். ஏ.சி., கீசர், மோட்டார் உள்ள வீட்டுக்கு எம்.சி.பி.தான் பொருந்தும். ஆனால் 2.5 சதுர மி.மீ. செப்பு வயருக்கு 16 ஆம்பியர் போட வேண்டிய இடத்தில், அடிக்கடி டிரிப் ஆகிறதென்று 32 ஆம்பியர் மாட்டுவது மீண்டும் அதே ஆபத்துதான்.

இரண்டுமே மின்அதிர்ச்சியிலிருந்து உயிரைக் காப்பதில்லை. அதற்கு, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும்.