முட்டிச் சில்லுக்கு வைத்த கம்பி: எலும்புக்கு நல்லது, தோலுக்குத் தொல்லை

பைக் வழுக்கி முட்டி நேராகத் தரையில் மோதியதில் சில்லு குறுக்கே இரண்டாக உடைந்து, எனக்கு டென்ஷன் பேண்ட் வயரிங், அதாவது உடைந்த துண்டுகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டும் ஆபரேஷன், செய்தார்கள். இதே ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எலும்பைச் சேர்க்கிற வேலையைக் கம்பி ஒழுங்காகச் செய்தது. தொடையின் முன்பக்கத் தசை சில்லை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் உடைந்து விலகிய சில்லு வெறும் மாவுக்கட்டில் சேர்வது கஷ்டம். இரண்டு கே-வயர்களை (மெல்லிய, விறைப்பான உலோகக் கம்பிகள்) நெடுக்காகச் செருகி, அவற்றைச் சுற்றி ஸ்டீல் கம்பியை 8 வடிவத்தில் முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பழகிய முறை, செலவும் குறைவு. எலும்புக்காக மட்டும் மார்க் போடச் சொன்னால் தாராளமாக 5க்கு 4 போடுவேன்.

ஆனால் அந்த இடத்தில் சதையே கிடையாது, தோலுக்கு அடியிலேயே எலும்பு. வீக்கம் வடிந்ததும் கம்பியை முறுக்கிய முடிச்சும் கே-வயரின் வளைந்த மேல்முனையும் விரலுக்குத் தட்டுப்பட ஆரம்பித்தன, காலை மடக்கினால் அந்த முனை தோலைக் கூடாரம் போலத் தூக்கி நிற்கும், பேண்ட் துணி உரசினாலே சுருக்கென்று குத்தும். மண்டியிடவே முடியாது. சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்வதை விட்டேவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஒரு கே-வயர் கொஞ்சம் மேலே நகர்ந்திருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. கம்பி உறுத்துவதும் அதற்காகவே இரண்டாவது ஆபரேஷன் செய்து எடுப்பதும் இந்தச் சிகிச்சையில் சர்வசாதாரணம். கம்பி அறுந்துபோவதும் உண்டு, மிக அரிதாக அறுந்த துண்டு இதயம் வரை போனதாகக்கூட மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இதையெல்லாம் கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒருவராவது உட்கார்ந்து சொல்ல வேண்டாமா? நான் போன மருத்துவமனையில் சொல்லவில்லை. வலிக்கிறது என்று போய் நின்றபோதும் "எலும்பு சேர்ந்துடுச்சு, போகப் போகச் சரியாயிடும்" என்பதோடு அனுப்பிவிட்டார்கள். விளக்கம் தந்ததற்கு 5க்கு 1, அதுகூட அதிகம்.

அப்புறம் வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயை நிதானமாகப் பார்த்து, எலும்பு முழுசாகச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு கம்பியை எடுத்தார். குத்தல் அதோடு போனது. முட்டியின் இறுக்கம் மட்டும் பிசியோதெரபியால்தான் மெல்ல மெல்ல விட்டது, அந்தப் பயிற்சி கொடுத்தவருக்கு 5க்கு 5.

நீங்கள் போனால் கே-வயரின் மேல்முனையை வளைத்து எலும்புக்குள் அடித்து இறக்குவார்களா, நடுவில் துளையுள்ள ஸ்குரூவோ கனமான தையல் நூலோ உங்கள் உடைவுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். நூல் உறுத்துவது குறைவு, ஆனால் எல்லா உடைவுக்கும் பொருந்தாது. கம்பியை எடுக்கும் செலவு பேக்கேஜில் சேருமா, இன்சூரன்ஸ் தருமா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். தோல் சிவந்து சூடாகி நீர் கசிந்தாலோ, கம்பி வெளியே தெரிந்தாலோ அடுத்த செக்கப் தேதி வரை பொறுக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.