நிறுவன நிதிக்கு முதல் புத்தகம்: ராஸா, பிரீலியா?

நிறுவன நிதியியல் (corporate finance) படிக்க எந்தப் பாடநூல் என்று எம்.பி.ஏ. சேர்ந்தவர்கள் பலர் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று ராஸ், வெஸ்டர்ஃபீல்டு, ஜோர்டான் எழுதிய அடிப்படை நூல். மற்றது பிரீலியும் மையர்ஸும் எழுதத் தொடங்கிய நூல்.

தொடக்கம்
ராஸ்: ஐந்தொகை (நிறுவனத்தின் சொத்து, கடன் நிலையைக் காட்டும் அறிக்கை), பணப்பாய்வு, விகிதங்கள் என்று படிப்படியாகப் போகும்.
பிரீலி: சீக்கிரமே நிகர நிகழ்கால மதிப்புக்குள் (NPV: பின்னால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தது) இறங்கிவிடும். நிதி அறிக்கைகளை அலசும் அத்தியாயம் பின்பாதியில்தான்.

பயிற்சிக் கணக்கு
ராஸ்: எளிது, நடுத்தரம், சவால் என மூன்று படி. தேர்வுக்குக் கை பழகும்.
பிரீலி: போட்டுப் பார்ப்பதைவிட யோசிக்க வைப்பது அதிகம்.

ஆழத்தில் எனக்குப் பிரீலிதான். சூத்திரத்தோடு நிற்காமல், அது எங்கே உதவாது என்றும் சொல்கிறது. கடைசி அத்தியாயத்தில் நிதியியலுக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்விகளையே பட்டியல் போட்டிருக்கிறார்கள்: நிறுவன இணைப்புகள் ஏன் அலை அலையாக வருகின்றன, ஈவுத்தொகைச் சர்ச்சை (பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு நிறுவனத்தின் மதிப்பை மாற்றுமா என்பது) எப்படித் தீரும் என்றெல்லாம். பாடநூலில் இந்த நேர்மை அபூர்வம்.

விலை? இரண்டும் தலையணை கனம், பழைய பதிப்பே போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அமெரிக்க நிறுவன வரி 2018-இல் 35 சதவீதத்திலிருந்து 21 ஆகிவிட்டது. பழைய கணக்குகளில் 35 வந்தால் குழம்ப வேண்டாம்.

பி.காம். மாணவர், பொறியியலிலிருந்து வந்தவர், தனியாகப் படிப்பவர் என்றால் ராஸ். கணக்கியல் ஏற்கெனவே கைவந்தவர், நல்ல ஆசிரியர் வாய்த்தவர் என்றால் பிரீலி. அவசரமில்லை என்றால் முதலில் ராஸ், அப்புறம் பிரீலி.