ஆறு மாதம் பார்த்த ஓடிடி: படங்கள் சரி, கீழே ஓடுகிற எழுத்து சரியில்லை

ஆறு மாதமாகச் சந்தா கட்டிப் பார்த்துவரும் ஒரு ஓடிடி சேவையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் இதில் வரும் குறைகளில் பல அந்த ஒரு சேவையோடு நிற்பவை இல்லை. நான் சேர்ந்ததே ஒரு தனிப் பகுதிக்காகத்தான். கறுப்பினத்தவர், ஆசிய வம்சாவளியினர், பூர்வகுடிகள், தன்பாலீர்ப்பாளர்கள், திருநர் என்று திரை இத்தனை காலம் ஓரமாகத் தள்ளிவைத்தவர்களின் கதைகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறார்கள், அதுவும் தமிழ் சப்டைட்டிலோடு. எனக்குத் தமிழ் சப்டைட்டில் முக்கியம். அம்மாவும் கூட உட்கார்ந்து பார்ப்பார், அவருக்கு ஆங்கிலம் வராது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஹாலிவுட் படங்கள் உள்ள பகுதி அருமை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நாலைந்து நிமிடம் ஒருவர் வந்து அந்தப் படம் எடுக்கப்பட்ட காலத்தைப் பற்றிப் பேசுகிறார். படத்தை வெட்டவில்லை, மறைக்கவில்லை, என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு நம்மைப் பார்க்க விடுகிறார்கள். கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் 1940இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியது எனக்குத் தெரியும், ஆனால் அந்த விழா நடந்த ஹோட்டலில் கறுப்பினத்தவரை உள்ளே விடும் வழக்கமே இல்லை, அவருக்காகத் தனி அனுமதி வாங்கி, சக நடிகர்கள் உட்கார்ந்த மேசையில் இல்லாமல் ஓரத்தில் ஒரு சின்ன மேசையில் உட்காரவைத்தார்கள் என்பதை இங்கேதான் தெரிந்துகொண்டேன். அவருக்கு அடுத்து நடிப்புக்காக ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு ஆஸ்கர் கிடைத்தது 1991இல், வூப்பி கோல்ட்பெர்குக்கு. நடுவில் 51 வருஷம்.

அன்னா மே வாங் பற்றிய அறிமுகமும் அப்படித்தான், இரண்டு முறை பார்த்தேன். சீன வம்சாவளியில் வந்த பெரிய நடிகை அவர். ஒரு சீன விவசாயக் குடும்பத்தின் கதையைப் படமாக எடுக்கிறார்கள், மனைவி வேடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனால் கணவன் வேடத்துக்கு வெள்ளையினத்தவரான பால் முனியைப் போட்டுவிட்டார்கள். 1934 முதல் ஹாலிவுட்டில் கறாராக அமலில் இருந்த தணிக்கை விதியில் கலப்பினக் காதலுக்கு இடமில்லை, வாங் ஒதுக்கப்பட்டதற்கு அதையே பெரிய காரணமாகச் சொல்கிறார்கள். வேடம் வெள்ளையின நடிகை லூயிஸ் ரெய்னருக்குப் போனது, ஆஸ்கரும் வாங்கினார். வாங்குக்குக் குடும்பத்தைக் கெடுக்க வருகிற பெண்ணின் வேடத்தைத் தரப் பார்த்தார்கள், அவர் முடியாது என்றுவிட்டார். அதே விதிகள்தான் தன்பாலீர்ப்பையும் திரையில் வரவிடாமல் செய்தன. 1968இல் அந்த விதிகள் போன பிறகும் பழக்கம் போகவில்லை. இவ்வளவையும் ஒரு ஓடிடி எனக்குச் சொல்லித் தந்தது என்றால் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மனதாரப் பாராட்டு.

சரி, இப்போது சப்டைட்டில்.

ஒரு வெளிநாட்டுத் தொடர். அதில் ஒரு திருநங்கை பாத்திரம், பல வருஷம் கழித்துத் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். கதவைத் திறந்த தங்கை உள்ளே திரும்பி "அவள் வந்துட்டாள்" என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் கத்துகிறாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முதல் அத்தியாயமே ஓடுகிறது, தங்கை 'அவள்' என்பாளா 'அவன்' என்பாளா என்று நாமும் காத்திருக்கிறோம். தமிழில் கீழே வந்த எழுத்து: "அவன் வந்துவிட்டான்."

அன்றைக்கு என் தோழியும் எங்களோடு இருந்தாள். அவள் திருநங்கை. அம்மாவுக்கு சப்டைட்டிலை வாய்விட்டுப் படிக்கிற வழக்கம், அப்படிப் படித்தால்தான் அவருக்கு ஏறும். "அவன் வந்துவிட்டான்" என்று சத்தமாகப் படித்துவிட்டு, "அப்போ இது பையனா? பொண்ணுன்னுல்ல நினைச்சேன்" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அம்மா வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? அவருக்குக் கதை வந்து சேர இருக்கிற ஒரே வழி அந்த எழுத்துதான். தோழி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "பொண்ணுதாம்மா, எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்க" என்றாள். எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

தமிழில் இந்தத் தவறு ஆங்கிலத்தைவிட மோசமாக விழும். ஆங்கிலத்தில் அவன், அவள் என்கிற ஒரு சுட்டுப்பெயரோடு முடிந்துவிடும், நம் மொழியில் வினைமுற்று வரைக்கும் பால் ஒட்டிக்கொண்டு வருகிறது, வந்தான், சொன்னான், அழுதான் என்று ஒவ்வொரு வரியும் அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்ப ஆணாக்குகிறது. இன்னொரு தொடரில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பாத்திரம், ஆங்கிலத்தில் அதற்குப் பன்மைச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அதை அப்படியே "அவர்கள் வந்தார்கள்" என்று போட்டிருக்கிறார்கள், நான்கு பேர் வரப்போகிறார்கள் என்று பார்த்தால் ஒரே ஆள் உள்ளே வருகிறார். "அவர் வந்தார்" என்று எழுதியிருந்தால் முடிந்தது. ஆங்கிலம் இன்னும் தடுமாறுகிற இடத்தில் நம்மிடம் மரியாதையோடு ஒரு சொல் தயாராக இருக்கிறது, அதைக்கூட எடுக்கத் தோன்றவில்லை.

மற்ற சொற்களும் அப்படித்தான். தன்பாலீர்ப்பாளர் என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் ஓரினச்சேர்க்கையாளர். ஒருத்தருக்கு யார் மேல் மனம் போகிறது என்பதை விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பேசுகிற சொல் அது. பதினைந்து வயதுப் பையன் தன் அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்கிற காட்சியில் அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று எழுதியவர் ஒரு முறையாவது யோசித்தாரா? இன்றைய கதையில் கறுப்பினத்தவர் ஒருவர் தன்னைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இடத்தில், இன்று புண்படுத்தும் சொல்லாகக் கருதப்படும் "நீக்ரோ" என்று போட்டிருப்பதையும் பார்த்தேன்.

சப்டைட்டிலோடு நிற்கவில்லை. படத்தின் கீழே வரும் ஒருவரிக் கதைச்சுருக்கத்தையும் படித்துப் பாருங்கள். கடைத்தெருவில் வளரும் இரண்டு கறுப்பின அண்ணன் தம்பிகளின் பாசத்தைச் சொல்கிற படத்துக்கு "குற்றம் நிறைந்த தெருக்களில்" என்று தொடங்குகிறது சுருக்கம், படத்தில் ஒரு திருட்டுக்கூட இல்லை. எனக்கு 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலின்போது வந்த இரண்டு செய்திப் படங்கள்தான் நினைவுக்கு வந்தன. இரண்டிலும் நெஞ்சளவு வெள்ளத்தில் உணவுப்பொருளோடு நடக்கிறவர்கள். கறுப்பின இளைஞரின் படத்துக்குக் கீழே, மளிகைக் கடையைச் சூறையாடிவிட்டு வருகிறார் என்று எழுதினார்கள், வெள்ளையின ஜோடியின் படத்துக்குக் கீழே, கடையிலிருந்து ரொட்டி கிடைத்து எடுத்து வருகிறார்கள் என்று எழுதினார்கள். இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள், வேறு வேறு ஆட்கள் எழுதியது. யாரும் கூடிப் பேசி எழுதவில்லை, கை தானாக அப்படிப் போகிறது. கீழே எழுதுகிற வரியை இன்னொருத்தர் பார்த்துத் திருத்த வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

முகப்புப் படங்களும் நம்பும்படி இல்லை. மூன்று காட்சியில் வந்து போகிற ஆசிய நடிகையை நாயகி மாதிரி பெரிதாகப் போடுகிறார்கள். 2018இல் அமெரிக்காவில் கறுப்பினப் பார்வையாளர்கள் பலர் ஒரு பெரிய ஓடிடி நிறுவனத்தின் மீது இதே புகாரை வைத்தார்கள். நாங்கள் பார்வையாளரின் இனத்தைக் கேட்பதே இல்லை, பார்த்த படங்களை வைத்துத்தான் முகப்பு மாறுகிறது என்று நிறுவனம் சொன்னது. ஏமாந்து உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்த விளக்கத்தால் என்ன ஆகப்போகிறது? வயது வரம்பும் ஒரே அளவாக இல்லை, ஆணும் பெண்ணும் முத்தமிட்டால் 13, இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தாலே 18. குழந்தைகள் கணக்கில் அந்தப் படங்கள் தென்படுவதே இல்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், அத்தியாயம், நிமிடம், வினாடி எல்லாம் குறித்து. முதலில் வழக்கமான நன்றிக் கடிதம் வந்தது. விடாமல் மூன்று முறை எழுதிய பிறகு ஒருவர் சரியாகப் பதில் போட்டார், தமிழ் எழுத்தை வெளியே கொடுத்து வாங்குகிறோம், திருத்தச் சொல்கிறோம் என்று. ஐந்து வாரம் கழித்து முதல் மூன்று அத்தியாயங்களில் 'அவள்' என்று மாறியிருந்தது. வயது வரம்பைப் பற்றிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பழைய படங்களுக்காக இந்தச் சேவையை எடுக்கலாம், தாராளமாக எடுக்கலாம். தமிழ் சப்டைட்டிலை நம்பி வீட்டில் பெரியவர்களோடு பார்க்கப்போகிறீர்கள் என்றால் முதலில் நீங்கள் தனியாக ஒரு அத்தியாயம் பார்த்துவிடுங்கள்.

போன வாரம் தோழி மறுபடி வந்திருந்தாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். நான்காவது அத்தியாயத்தை இன்னும் திருத்தவில்லை, "அவன் சாப்பிட்டானா?" என்று வந்தது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அவ சாப்பிட்டாளா" என்று படித்தார்.