ஊசியா, ட்ரிப்ஸா, பின்பக்கம் வைக்கிற மாத்திரையா?

சிசேரியன் முடிந்து, மரத்த கால்களில் உணர்வு திரும்பும் நேரம்தான் வலி மருந்துக்குப் பரீட்சை. அக்காவுக்கு அப்போது போட்டது டைக்ளோஃபினாக் 75 மி.கி. இடுப்பு ஊசி. வலி குறைந்தது, ஆனால் ஊசி போட்ட இடம் கல் மாதிரி கட்டிக்கொண்டது. மல்லாந்து படுத்தால் அது வலிக்கும், ஒருக்களித்தால் தையல் இழுக்கும். அபூர்வமாக அந்த இடம் சீழ் பிடிப்பதும் உண்டு.

அதே மருந்து 100 மி.கி. சப்போசிட்டரியாகவும் வருகிறது. ஆசனவாயில் வைத்தால் உடல் சூட்டில் கரையும். மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தில் ஒரு பங்கு, மருந்தைச் சிதைக்கும் ஈரலுக்குப் போகாமலே உடலில் கலந்துவிடும். வாந்தி வருகிறவர்களுக்கும் வைக்கலாம். முதுகு ஊசியின் மரப்பு இருக்கும்போதே வைத்துவிட்டால் வைத்ததே தெரியாது.

பிறகு ஏன் இத்தனை டாக்டர்கள் இதை எழுதுவதில்லை? “பேஷன்ட் சங்கடப்படுவாங்க” என்பார்கள். பேஷன்டைக் கேட்டது யார்? கேட்டிருந்தால் அக்கா ஒரு நொடி முகம் சுளித்துவிட்டு சரி என்றிருப்பாள். கேட்காமல் வைப்பதும் தப்புதான். மயக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல் வைக்கலாமா என்று 1990களிலேயே பிரிட்டனில் விவாதம் நடந்தது.

வயிற்றைத் தொடாத மருந்து என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. ரத்தம் வழியாகப் போயும் அது வயிற்றைப் புண்ணாக்கும். சிறுநீரகக் கோளாறு, அல்சர், வலி மாத்திரையால் மூச்சிழுப்பு வருகிறவர்களுக்கு எந்த வழியில் கொடுத்தாலும் ஆபத்துதான். ஒரு நாளைக்கு 150 மி.கி.தான் உச்சம். சப்போசிட்டரி வைத்ததைக் குறிக்காமல் விட்டு, அடுத்த ஷிஃப்டில் ஊசியும் போட்டால் 175.

பாராசிட்டமால் ட்ரிப்ஸ் 1 கிராம், 15 நிமிடத்தில் ஏறிவிடும், வயிற்றுக்கும் சாது. ஆனால் விலை கூடுதல், சிசேரியன் வலிக்குத் தனியாகப் போதாது. பாராசிட்டமால் சப்போசிட்டரி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. உடம்பில் மெதுவாக, ஏறுமாறாகச் சேரும். ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போக இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். டான்சில் எடுத்த குழந்தை விழுங்க ஆரம்பித்துவிட்டால் சிரப்பே மேல்.

இரண்டாவது பிரசவத்தில் அக்காவே சப்போசிட்டரி கேட்டாள். வார்டில் ஸ்டாக் இல்லை. மே மாத வெயிலில் வெளி மெடிக்கலில் வாங்கி வருவதற்குள் கொழகொழவென்று ஆகிவிட்டது. நர்ஸம்மா உறையைப் பிரிக்காமல் ஐஸ் தண்ணீரில் போட்டு, இறுகும் வரை பக்கத்திலேயே நின்றார்.