ஓபி சீட்டும் கைப்பேசியும்: கும்பகோணத்தில் பார்த்தவை

அக்கா மகனுக்கு 16 வயது. போன வருடம் காதில் குரல் கேட்கிறது, யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினான். மனநல மருத்துவர் ஓலன்சபின் என்ற மாத்திரையை எழுதித் தந்தார். இப்போது குரல்கள் இல்லை, புத்தகத்தை எடுத்து உட்காருகிறான். ஆனால் பசி அடங்கமாட்டேன் என்கிறது. பழைய சட்டை எதுவும் சேரவில்லை. கனடாவின் மான்ட்ரியாலிலிருந்து விடுமுறைக்குப் போன எனக்கு இந்த முறை கோயில்களைவிட மனநலச் சேவைகளைத்தான் அதிகம் பார்க்கக் கிடைத்தது.

முதலில் மருத்துவமனை. அத்தனை கூட்டத்திலும் மருத்துவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பையனிடம் தனியாகப் பேசினார். அதற்கே ஒரு கும்பிடு. ஆனால் எடை பார்க்கவில்லை. எடைக்கருவி வேறொரு கட்டடத்தில் இருக்கிறதாம். இந்த வகை மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றிவிடக்கூடியவை. தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அக்காவின் நோட்டில் மருந்துப் பெயர்களும் தேதிகளும் மட்டுமே இருந்தன. நான் கேட்டதும் மருத்துவர் பரிசோதனைகளை எழுதித் தந்தார், முகம் சுளிக்கவில்லை. கேட்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கவலை.

அடுத்தது 14416. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். “ராத்திரி ஒரு மணி வரை போனும் கையுமாகக் கிடக்கிறான், காலையில் எழுப்ப முடியவில்லை” என்று அக்கா புலம்பினாள். எதிர்முனைப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, மாத்திரை எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள் என்றார். பிறகு, “தம்பியிடம் கொடுங்கள் அம்மா.”

ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். “நீங்களே சொல்லுங்கள் தம்பி, எத்தனை மணிக்குப் போனை வைக்க முடியும்?” வெகுநேரம் யோசித்துப் பதினொன்றரை என்றான். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர், “சரி, பதினொன்றரை. போனை எங்கே வைப்பீர்கள்?” என்றார். கூடத்து அலமாரியில் என்றான். பத்து மணிக்குக் குறைத்துக்கொள் என்ற பேரமே இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அன்று இரவு பதினொன்றே முக்காலுக்குப் போன் அலமாரிக்குப் போனது. கால் மணி நேரத்தை யாரும் கணக்குக் கேட்கவில்லை.

உடல்நலச் செயலிகள் கதை வேறு. ஒன்றைத் திறந்தால் இருப்பிடத்தைக் கேட்கிறது, இன்னொன்று தொடர்பு எண்களையெல்லாம் கேட்கிறது. தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்த பிள்ளையிடம் இதையா நீட்டுவது? ஒரு செயலி ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் கலோரி எழுதச் சொன்னது. அதன் பட்டியலில் ஓட்ஸும் சாலடும் உண்டு, எங்கள் வீட்டு ரவை உப்புமாவைத்தான் காணவில்லை. நீக்கிவிடச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து கைக்கடிகாரம் வாங்கி வந்து, அப்பாவின் போனிலேயே பிள்ளையின் தூக்கமும் நாடித்துடிப்பும் தெரியும்படி இணைத்துக் கொடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்கு எப்படியோ, இவனுக்கு அது ஆகாது.

கடைசியில் நிலைத்தது, போனில் ஏற்கெனவே இருந்த அடி எண்ணும் வசதிதான். மாலையில் அத்தானோடு மகாமகக் குளத்தைச் சுற்றி வருகிறான். எண்ணிக்கையை அவனுக்குத் தோன்றினால் எனக்கு அனுப்புவான், தோன்றாவிட்டால் இல்லை. அவனுக்கு மாலையென்றால் எனக்குக் காலை. முந்தைய நாள் நான் நடந்ததையும் பதிலுக்கு அனுப்பியாக வேண்டும் என்பது அவன் போட்ட நிபந்தனை. “மாமா, பனி என்று சாக்குச் சொல்லக் கூடாது” என்று முன்கூட்டியே மிரட்டல் வேறு.

எங்கள் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகமும் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பும் சேர்ந்து, சைக்கோசிஸ் எனும் மனநோய்க்கு முதன்முறை ஆளான இளையோரை இரு நகரங்களிலும் ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கின்றன. குடும்பத்தார் சிகிச்சையில் கூடவே நிற்பது சென்னையில்தான் அதிகம் என்று கண்டார்கள். குளத்தங்கரையில் அத்தான் மூச்சு வாங்க நடப்பதைப் பார்த்தபோது அந்த ஆராய்ச்சி எனக்கு நன்றாகவே புரிந்தது. மான்ட்ரியாலில் இந்த வயதுப் பிள்ளைக்குச் சிகிச்சையைக் கவனிக்கப் பொறுப்பாளர் ஒருவர் கிடைப்பார், எடையும் பார்ப்பார்கள். கூடவே நடந்து வருவதற்குத்தான் ஆளைத் தேட வேண்டும்.

இப்போது அக்கா மருந்துக்கடைக் கருவியில் பையனை நிறுத்தி, எடையை நோட்டின் ஓரத்தில் எழுதி எடுத்துப் போகிறாள். மருத்துவரும் அதைப் பார்த்துத்தான் பேசுகிறாராம். ஓபி வாசலில் ஓர் எடைக்கருவி வைக்க ஆகும் செலவு, ஒரு சாதாரண ஸ்மார்ட்போனின் விலையில் கால்வாசிகூட இராது. புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.