மீன் மீட்புத் தொகுப்பு என்று வாங்கி ஏமாந்தேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்று விடிகாலை ஐந்தரை மணிக்கு வரியன் செத்துப்போனான். நான்கு வருடம் என் தொட்டியில் வளர்ந்த ஏஞ்சல் மீன். அவனைக் காப்பாற்றவென்று கால் மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய பெட்டிதான் அவனைக் கொன்றது. கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மிரண்டுபோன மீனைத் தனித்தொட்டியில் வைத்துத் தேற்றுவது எப்படி என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெரிய தொட்டியில் ஐந்து ஏஞ்சல்கள். அதில் இரண்டு மீன்கள் ஒரு ஜோடியாகச் சேர்ந்துவிட்டன. ஏஞ்சல் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், முட்டை போட ஓர் இலையைப் பிடித்துவிட்டால் ஜோடி அந்தப் பக்கம் யாரையும் அண்டவிடாது. மற்ற இரண்டும் எப்படியோ ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டன. வரியன்தான் மாட்டிக்கொண்டான். ஹீட்டருக்குப் பின்னால் சாய்ந்தபடி, துடுப்புகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றான். வால் கிழிந்திருந்தது. தீனி போட்டால் எட்டிப் பார்ப்பான், பெரியது திரும்பினால் உடனே உள்ளே போய்விடுவான். வெள்ளைப் புள்ளி இல்லை, பூஞ்சை இல்லை, நோய் என்று எதுவும் இல்லை. அடி வாங்கி வாங்கி ஒடுங்கிப்போயிருந்தான், அவ்வளவுதான். தனியாக வைத்தால் தேறிவிடுவான் என்று எனக்கே தெரியும். அதுவரை என் புத்தி சரியாகத்தான் வேலை செய்தது.

அப்புறம்தான் தேடப் போனேன். மீன் தொட்டிச் சாமான்களை மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. பணம் திரும்பி வரும் என்ற நப்பாசை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. 'அவசர மீட்புத் தொகுப்பு' என்று போட்டிருந்தார்கள். 40 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், 'உயிருள்ள பாக்டீரியா' ஒரு பாட்டில், 'ஸ்ட்ரெஸ் நீக்கி' ஒரு பாட்டில், கூடவே 30 நாள் நிபுணர் வழிகாட்டல். காத்திருக்கத் தேவையில்லை, பத்தே நிமிடத்தில் மீனை விடலாம் என்று கொட்டை எழுத்தில்.

பத்து நிமிடம் என்றதுமே எனக்கு உறுத்தியது. மீன் தன் செவுள் வழியாக, தனக்கே விஷமான அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். இவை புது ஃபில்டரில் குடியேற சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால் சாட்டில் கேட்டேன், பத்து நிமிடத்தில் எப்படி முடியும் என்று.

அந்த ஆள் அதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. மீனைப் பற்றிக் கேட்டார். "எத்தனை வயசு சார்? சாப்பிடுதா? மூச்சு வேகமா விடுதா?" ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். "பேர் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்றார். சொன்னேன். அடுத்து வந்த வரி இது: "கவலைப்படாதீங்க சார், வரியனை நாம காப்பாத்திடலாம்."

அந்த 'நாம'வில்தான் விழுந்தேன். 'நாங்க' என்று எழுதியிருந்தால் கடைக்காரப் பேச்சு என்று தோன்றியிருக்கும். 'நாம' என்றதும் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பத்து நிமிடக் கேள்வியை மறந்தே போனேன். கால் மாதச் சம்பளம், ஒரே சொடுக்கில்.

பெட்டி மறுநாளே வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. பாக்டீரியா பாட்டிலில் காலாவதித் தேதி இருக்க வேண்டிய இடத்தின் மேல் கடையின் ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அடியில் இருந்த தாளும் சேர்ந்து கிழிந்து வந்தது. ஸ்ட்ரெஸ் நீக்கியில் என்ன கலந்திருக்கிறது என்று எங்கும் இல்லை. ஊற்றியதும் தண்ணீர் கருநீலமானது. சாயங்காலம் வரியனை விட்டேன். அன்று ராத்திரி அமைதியாகத்தான் இருந்தான்.

மறுநாள் மாலை நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறான். செவுள் ரத்தச் சிவப்பு. யாரையும் கேட்கவில்லை. குளோரின் நீக்கிய தண்ணீரை அதே சூட்டில் தயார் செய்து பாதித் தண்ணீரை மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் கீழே இறங்கினான். உலர்ந்த புழு இரண்டு போட்டேன், இரண்டையும் பிடித்துத் தின்றான். பல நாளைக்குப் பிறகு அவன் துடுப்பை விரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் வழிகாட்டல் எண்ணுக்குச் செய்தி போட்டேன். என் முட்டாள்தனம். உடனே பதில்: "ஐயோ, தண்ணி மாத்தாதீங்க சார்! பாக்டீரியா எல்லாம் போயிடும், மருந்தும் வீணாயிடும். மூணு நாளைக்குத் தொட்டியைத் தொடாதீங்க."

தொடவில்லை. அந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை, ஸ்பாஞ்சிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும் என்று நான் எத்தனையோ தரம் படித்திருக்கிறேன். படித்தும் என்ன? கண் முன்னால் தண்ணீர் மாற்றியதும் மீன் தேறியதைப் பார்த்த பிறகும், யாரோ ஒருவர் 'நாம' என்றதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மறுபடியும் மேலே வந்து திணறினான். அம்மோனியா டெஸ்ட் எடுத்தேன், மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சை. படம் பிடித்து அனுப்பினேன். நீல மருந்து கலந்த தண்ணீரில் டெஸ்ட் சரியாகக் காட்டாது என்றார்கள். அது நிஜம்தான். அவர்கள் எனக்குச் சொன்ன ஒரே நிஜம். அதற்கு அடுத்த விடிகாலைதான் ஐந்தரை மணி.

தொட்டியைக் கழுவும்போது கவனித்தேன். சிலிகான் ஓரமெல்லாம் நீலம் ஏறியிருந்தது, தேய்த்தும் போகவில்லை. ஸ்பாஞ்சும் என் விரல்களும் அதே நீலம். மீன் வளர்க்கிற பழைய ஆள் எவரும் அந்தக் கறையைப் பார்த்ததும் மெத்திலீன் நீலம் என்றுதான் சொல்வார். பூஞ்சைக்கும், மீன் முட்டை கெடாமல் இருக்கவும் போடுகிற நல்ல மருந்துதான். ஆனால் ஃபில்டர் பாக்டீரியாவுக்கு அது எமன். ஒரே பெட்டியில் பாக்டீரியா ஒரு பாட்டில், அதைக் கொல்லுகிற மருந்து இன்னொரு பாட்டில். இரண்டுக்கும் நான் காசு கொடுத்திருக்கிறேன். போதாததற்கு என் தண்ணீரின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8. பிஹெச் 7-இல் இருந்து 8-க்குப் போனால் அம்மோனியாவில் விஷமாக வேலை செய்கிற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். வழிகாட்டலில் ஒருவரும் பிஹெச் என்ன என்று கேட்கவில்லை. மீனின் பேரை மட்டும் கேட்டார்கள்.

சரி, அதற்குப் பிறகு நடந்த கூத்து. நேற்றுக் காலை செய்தி போட்டதும் "வருந்துகிறோம் சார்". அரை மணி கழித்து, "தீனி அதிகம் போட்டிருப்பீங்க." மூன்று நாளில் இரண்டு புழு! அப்புறம் வேறொரு ஆள் வந்தார், முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். "பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா?" என்றார். சாகக் கிடக்கிற மீனுக்குத் தொட்டி வந்தால் எவனாவது கேமராவை நிறுத்திவிட்டுப் பிரிப்பானா? மதியம் மூன்றாவது ஆள்: "உயிரினங்களுக்கு உத்தரவாதம் கிடையாது, விதிமுறையில் இருக்கு." ஐயா, நான் உங்களிடம் உயிரினமே வாங்கவில்லை. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இரண்டு பாட்டிலும் வாங்கினேன். உயிரினம் என்னுடையது.

மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, தயாரிப்பு ரகசியம் என்று பதில். முதலில் பேசிய அந்த 'நாம' ஆசாமியிடம் பேச வேண்டும் என்றேன், விடுப்பில் இருக்கிறாராம். இன்று கடைசியாக வந்தது ஒரு கூப்பன், அடுத்த தொகுப்புக்கு 10 சதவீதம் தள்ளுபடி. கால் மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, செத்த மீனுக்குத் தள்ளுபடி தருகிறார்கள்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இல்லையா? எழுதிக்கொண்டே பெரிய தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். ஜோடி முட்டை போட்டிருக்கிறது. ஹீட்டருக்குப் பின்னால் இப்போது இன்னொன்று நிற்கிறது. அதனால் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மருந்தை ஊற்றாதீர்கள். நோய் இல்லாத மீனுக்கு மருந்தே வேண்டாம். பழைய ஃபில்டரில் ஊறிய ஸ்பாஞ்ச் இருந்தால் அதை எடுத்துப் புதுத் தொட்டியில் போடுங்கள், பாதித் தண்ணீரையும் அங்கிருந்தே எடுங்கள். ஆனால் நோய் இருக்கிற மீன் என்றால் அந்த ஸ்பாஞ்சைத் திரும்பப் பழைய தொட்டியில் போட்டுவிடாதீர்கள். கல், மணல் எதுவும் வேண்டாம். ஒளிய ஒரு குழாய்த் துண்டு, மேலே மூடி, பக்கத்தில் ஒரு துணி, மங்கலான வெளிச்சம் போதும். சோப்பு படாத பெரிய பிளாஸ்டிக் டப்பே தாராளம். தினமும் கால்வாசியாவது தண்ணீர் மாற்றுங்கள், யார் வேண்டாம் என்றாலும். நியான் மாதிரிக் கூட்டமாக வாழ்கிற மீனை ஒற்றையாகப் பிரித்தால் அதுவே பயந்து ஒடுங்கும், அதற்கு வேறு வழி பாருங்கள்.

இதில் கால் மாதச் சம்பளத்துக்கு வாங்க வேண்டியது எது? ஊறிய ஸ்பாஞ்ச் பெரிய தொட்டியில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை எடுக்கத்தான் இப்போது எழுந்திருக்கிறேன். பணம் விஷயமாகப் பதில் வந்தால் எழுதுகிறேன்.